களவு வேறு, உளவு வேறு

போன மாதம் ஒரு சனிக்கிழமை. சிம்மக்கல் மாவட்ட மைய நூலகத்துக்குப் பழைய புத்தகம் ஒன்றைத் தேடிப் போயிருந்தேன். புத்தகம் கிடைக்கவில்லை. வெளியே வந்து ஒரு டீ சொன்னேன். பக்கத்தில் இரண்டு தம்பிகள். தோளில் பை, கையில் போட்டித் தேர்வு கைடு. நத்தம் ரோட்டில் 2023-ல் கலைஞர் நூற்றாண்டு நூலகம் பிரமாண்டமாக வந்துவிட்டது. ஆனாலும் சிம்மக்கல்லை விடாத பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். அதுவரைக்கும் சந்தோஷம்தான்.

அப்புறம்தான் அவர்கள் பேச்சு காதில் விழுந்தது.

"மாப்ள, ராத்திரி ஒன்னு பத்துக்கு ஆன்லைன்ல இருந்தாடா."

"நானும் பாத்தேன்டா. எங்கிட்டயும் பேசல, உங்கிட்டயும் பேசல. அப்ப யார்ட்டடா பேசிருப்பா?"

ஒட்டுக்கேட்பது தப்பு. ஒத்துக்கொள்கிறேன். அந்தத் தப்பைப் பற்றித்தான் இந்த வாரக் கட்டுரையே என்பதால் முதல் குற்றவாளியாக என்னையே நிறுத்திவிட்டு மேலே போகிறேன்.

விஷயம் இதுதான். உள்ளே படித்துக்கொண்டிருக்கும் ஒரு பெண் மீது இரண்டு பேருக்கும் ஒரு கண். இரண்டு பேரும் உயிர் நண்பர்கள் என்பதால் சண்டை வேண்டாம் என்று ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு மாதம் முயற்சி. யாருக்கு மடிகிறதோ அவனுக்கு மற்றவன் வழிவிட வேண்டும். ஒருவன் ரீசார்ஜ் கடையில் அவள் நம்பரைத் தேற்றியிருக்கிறான். இன்னொருவன் அவள் தம்பியோடு கிரிக்கெட் ஆடி வீட்டு நிலவரம் சேகரிக்கிறான். எந்தப் பஸ்ஸில் இறங்குவாள், எந்தப் பக்க நாற்காலியில் உட்காருவாள் என்று எல்லாம் விரல் நுனியில். அவளுக்குப் பருத்திப்பால் பிடிக்கும் என்று தெரிந்துகொண்டு, பருத்திப்பாலைக் கண்டாலே குமட்டுகிற ஒருவன் ஒரு வாரமாக அவள் எதிரே நின்று அதைக் குடித்துக்கொண்டிருக்கிறானாம்!

சிரித்துவிட்டேன். உண்மையாகவே சிரிப்பு வந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் கல்பாலத்தில் வண்டி நெரிசலில் நின்றபோதுதான், இந்தக் கதையை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று உறைத்தது. அதற்கப்புறம் சிரிப்பு வரவில்லை.

*

2012 பிப்ரவரியில் ஒரு ஹாலிவுட் படம் வந்தது. பெயர் 'திஸ் மீன்ஸ் வார்'. 'இது போர்தான்' என்று வைத்துக்கொள்ளுங்கள். இயக்கியவர் மெக்ஜி. எஃப்.டி.ஆர்., டக் என்று இரண்டு ஹீரோக்கள். கிறிஸ் பைனும் டாம் ஹார்டியும். இரண்டு பேரும் சிஐஏ உளவாளிகள், உயிர் நண்பர்கள். ரீஸ் விதர்ஸ்பூன் நடித்த லாரன் என்ற பெண்ணை இரண்டு பேரும் சந்திக்கிறார்கள். இரண்டு பேருக்கும் பிடித்துப்போகிறது. உடனே ஒப்பந்தம்: நாம் இருவரும் நண்பர்கள் என்று அவளுக்குத் தெரியக் கூடாது. ஒருவர் வழியில் மற்றவர் குறுக்கிடக் கூடாது. அவளே தேர்ந்தெடுக்கட்டும்.

கேட்க ரொம்ப நாகரிகமாகத்தான் இருக்கிறது. ஆனால் அடுத்த காட்சியில் என்ன செய்கிறார்கள்? அவள் வீட்டுக்குள் புகுந்து மைக்கும் கேமராவும் பொருத்துகிறார்கள். ஆளுக்கொரு உளவுக் குழுவை அரசாங்கச் செலவில் உட்காரவைத்து, அவள் தோழியிடம் மனம்விட்டுப் பேசுவதை வரி விடாமல் கேட்கிறார்கள். டக் ரொம்ப சாது என்று அவள் சொன்னால், அடுத்த நாளே டக் பெயின்ட் துப்பாக்கி விளையாட்டுக்குக் கூட்டிப்போய் வீரம் காட்டுகிறான். அவளுக்கு எந்த ஓவியர் பிடிக்கும் என்று தெரிந்ததும், கலையைப் பற்றி எதுவும் தெரியாத எஃப்.டி.ஆர். காதில் கருவியை மாட்டிக்கொண்டு யாரோ சொல்லிக்கொடுப்பதை ஒப்பிக்கிறான். நாய் மீது பாசம் இருப்பதுபோலக் காட்ட, காப்பகத்துக்குப் போய் ஒரு வயசான நாயைத் தூக்கிவருகிறான்.

பருத்திப்பால் ஞாபகத்துக்கு வருகிறதா?

படம் காதல் காமெடி. பின்னணி இசை நம்மைச் சிரிக்கச் சொல்கிறது. நாமும் சிரிக்கிறோம். இப்போது ஒரே ஒரு வேலை செய்யுங்கள். அந்த இசையை மட்டும் நிறுத்திவிட்டு அதே காட்சிகளை மனசுக்குள் ஓட்டிப் பாருங்கள். தனியாக வாழும் ஒரு பெண். அவள் படுக்கையறை, சமையலறை, அழுகை, சிரிப்பு எல்லாம் ஏதோ ஓர் அலுவலகத்தின் திரையில் ஓடிக்கொண்டிருக்கிறது. அது அவளுக்குத் தெரியாது.

இது திகில் படம் இல்லையா?

*

நான் பி.காம். படித்தவன். காதலைப் பற்றிப் பேசும்போதும் வணிகச் சட்டம்தான் முதலில் ஞாபகத்துக்கு வரும். என்ன செய்வது, வாங்கிய பட்டம் அப்படி.

நம் நாட்டில் 1872-ல் போட்ட ஒப்பந்தச் சட்டம் ஒன்று இருக்கிறது. இன்றைக்கும் நடைமுறையில் இருக்கும் சட்டம். அதன் அடிப்படையே சம்மதம்தான். வெறும் சம்மதம் போதாது, சுதந்திரமான சம்மதம் வேண்டும். ஓர் உண்மையைத் தெரிந்துவைத்துக்கொண்டே, எதிராளியை ஏமாற்றும் நோக்கத்தில் மூடி மறைத்தால் அது மோசடி என்கிறது பிரிவு 17. அப்படி வாங்கிய சம்மதத்தால் உண்டான ஒப்பந்தத்தை ஏமாந்தவர் விரும்பினால் ரத்து செய்துவிடலாம் என்கிறது பிரிவு 19. கல்லூரியில் இதற்கு உதாரணமாகக் குதிரை வியாபாரம் சொல்வார்கள். நொண்டிக் குதிரையை நல்ல குதிரை என்று தலையில் கட்டுவது.

ஒரு குதிரையை விற்பதற்கே இவ்வளவு நேர்மை வேண்டும் என்று நூற்றைம்பது வருஷத்துக்கு முன்பே எழுதிவைத்திருக்கிறார்கள். வாழ்நாள் முழுக்கக் கூட வரப்போகிற ஒரு பெண்ணிடம் அது வேண்டாமா?

இதில் ஒரு வேடிக்கை என்ன தெரியுமா? அந்தப் படத்தில் லாரனுக்கு என்ன உத்தியோகம்? கடைக்கு வருகிற பொருள்களைச் சோதித்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எதை வாங்கலாம் என்று நுகர்வோருக்குச் சொல்கிற வேலை. அப்படிப்பட்டவளுக்கு எதிரே இரண்டு வியாபாரிகள் கூட்டுச் சேர்ந்துகொண்டு, அவள் தேவை என்ன என்று திருட்டுத்தனமாகத் தெரிந்துகொண்டு, அதற்கேற்ற மாதிரி லேபிளை மாற்றி ஒட்டி முன்னால் வந்து நிற்கிறார்கள். 'அவளே தேர்ந்தெடுக்கட்டும்' என்கிறார்கள். அவள் எதைத் தேர்ந்தெடுப்பாள்? லேபிளைத்தான்.

போட்டியாளர்கள் ரகசியமாகப் பேசிவைத்துக்கொண்டு வாங்குகிறவர்களை ஏமாற்றினால் அதற்கு வணிகத்தில் கார்ட்டெல் என்று பெயர். சிமென்ட் கம்பெனிகள் செய்தால் கோடிக்கணக்கில் அபராதம் போடுகிறார்கள். காதலில் செய்தால் கைதட்டுகிறோம்.

*

'அது அமெரிக்காக்காரன் படம் சார், நமக்கென்ன?' என்று யாராவது கேட்பீர்கள். நம்மிடம் சரக்கு இல்லை என்றா நினைத்தீர்கள்?

2001-ல் 'மின்னலே'. பாட்டெல்லாம் இன்றைக்கும் காதில் இருக்கிறது. கதை என்ன? ஒரே பெண், இரண்டு ஆண்கள். இரண்டு பேரும் கல்லூரிக் கால எதிரிகள். ஒருவன் மற்றவன் பெயரில், அவள் நேரில் பார்த்திராத மாப்பிள்ளையாகவே நடித்து அவள் வீட்டுக்குள் போகிறான். ஆள்மாறாட்டம். அவள் காதலித்தது யாரை என்று அவளுக்கே தெரியாது. உண்மை தெரிந்து கோபப்படுகிறாள். கடைசியில் அவனிடமே வந்து சேர்கிறாள். நாம் விசில் அடித்தோம். நானும்தான்.

1999-ல் 'சேது'. நல்ல படம், நடிப்பில் மறக்க முடியாத படம். ஆனால் அதில் ஹீரோ அந்தப் பெண்ணைத் தூக்கிக்கொண்டுபோய்க் கட்டிப்போட்டு மிரட்டித்தான் தன் காதலைச் சொல்கிறான். அந்தக் காட்சிக்குத் தியேட்டரில் யாருக்கும் மூச்சு நின்றதாக எனக்கு ஞாபகம் இல்லை.

2016 அக்டோபரில் 'ரெமோ'. ஏற்கெனவே நிச்சயமான ஒரு டாக்டர் பெண்ணை மடக்க, ஹீரோ நர்ஸ் வேஷம் போட்டு அவள் பக்கத்திலேயே இருந்து அவள் அந்தரங்கமாகப் பேசுவதை எல்லாம் கேட்கிறான். சிஐஏ மைக் வைத்துச் செய்ததை நம்ம ஆள் மேக்கப் போட்டுச் செய்தார். அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த அக்டோபருக்கு மூன்று மாதம் முன்புதான், 2016 ஜூன் 24 காலையில், சென்னை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் வேலைக்குப் போகக் காத்திருந்த ஒரு மென்பொருள் பொறியாளர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். பின்தொடர்ந்து தொல்லை கொடுத்தவர் என்று போலீஸ் கைதுசெய்த இளைஞர், விசாரணை முடிவதற்கு முன்பே சிறையில் இறந்துபோனார். எனவே நீதிமன்றம் அதில் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. நானும் சொல்லப்போவதில்லை. ஆனால் அந்தக் கொலைக்குப் பிறகு, சினிமாவில் பெண்ணைத் துரத்துவதைக் காதலாகக் காட்டலாமா என்று தமிழ்நாடே பேசியது. பேசி முடித்த கையோடு 'ரெமோ'வுக்கு டிக்கெட் எடுத்தது.

*

உடனே ஒரு பதில் தயாராக இருக்கும். 'சார், படத்தைப் படமா பாருங்க. படம் பார்த்துட்டு எவனும் கத்தியைத் தூக்கறதில்ல.'

ஒத்துக்கொள்கிறேன். முழுசாக ஒத்துக்கொள்கிறேன். 'மின்னலே' பார்த்த லட்சக்கணக்கான பேரில் யாரும் அதனால் கொலைகாரன் ஆகவில்லை. என் புகார் கொலைகாரனைப் பற்றியே இல்லை. கொலைகாரனைச் சுற்றி நிற்கிற நம்மைப் பற்றி.

ஒருவன் ஒரு பெண்ணை மாதக்கணக்கில் பின்தொடர்கிறான் என்று அவன் நண்பர்களுக்குத் தெரியும். என்ன சொல்கிறார்கள்? 'விடாத மச்சான், மடிஞ்சிரும்.' கடைக்காரருக்குத் தெரியும். 'லவ்வு தம்பி லவ்வு' என்று சிரிக்கிறார். பஸ் கண்டக்டருக்குத் தெரியும். ஸ்டேஷனுக்குப் போனால், 'சின்னப் பசங்க விவகாரம், கூப்பிட்டுக் கண்டிச்சு விடறோம்' என்கிறார்கள். இத்தனை பேரும் நல்லவர்கள். இத்தனை பேரும் ஒரே படத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள். துரத்துபவன் ஹீரோ, துரத்தப்படுபவள் இன்டர்வெலுக்கு அப்புறம் மனசு மாறுவாள் என்று நம்புகிறவர்கள். சினிமா ஆபத்தானவனை உண்டாக்கவில்லை. அவனைப் பார்த்ததும் நமக்கு அடிக்க வேண்டிய எச்சரிக்கை மணியைக் கழற்றிவிட்டது.

அந்த மணியைக் கழற்றியதில் சினிமாவுக்கு மட்டும்தான் பங்கா? இல்லை. என் தொழிலுக்கும் பங்கு உண்டு.

'ஒருதலைக் காதல்: இளம்பெண் படுகொலை'. எத்தனை முறை படித்திருப்பீர்கள்? நானே ஒரு காலத்தில் செய்தி மேஜையில் உட்கார்ந்து இந்தத் தலைப்பை வைத்திருக்கிறேன். தலைப்புக்கு அளவாக இருக்கும், கச்சிதமாக இருக்கும். இன்றைக்கு நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

'திஸ் மீன்ஸ் வார்' வந்த அதே 2012-ல், நவம்பர் மாதம், காரைக்காலில் ஓர் இளம் பொறியாளர் மீது ஆசிட் வீசினான் ஒருவன். 'முடியாது' என்று சொன்னதுதான் அவர் செய்த குற்றம். மூன்று மாதம் போராடி, 2013 பிப்ரவரியில் இறந்துபோனார். என்ன போட்டோம்? 'ஒருதலைக் காதல்'.

2018 பிப்ரவரியில் நம் மதுரை மாவட்டத்திலேயே, திருமங்கலம் பக்கம், பள்ளிவிட்டு வந்துகொண்டிருந்த ஒன்பதாம் வகுப்புச் சிறுமியைப் பெட்ரோல் ஊற்றி எரித்தார்கள். அந்தக் குழந்தையும் பிழைக்கவில்லை. அதற்கும் 'ஒருதலைக் காதல்'. ஒன்பதாம் வகுப்பு ஐயா!

2022 அக்டோபரில் பரங்கிமலை ரயில் நிலையத்தில் ஒரு கல்லூரி மாணவி ஓடும் ரயில் முன்னால் தள்ளிவிடப்பட்டார். தள்ளியவனுக்கு 2024 டிசம்பரில் சென்னை மகளிர் நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதித்தது. நீதிமன்றம் கொலை என்றது. பத்திரிகை 'காதல்' என்றது.

வீட்டில் புகுந்து பீரோவை உடைத்தவனைப் பற்றி எழுதும்போது 'நகை மீது ஒருதலை ஆசை' என்றா தலைப்பு வைக்கிறோம்?

*

தமிழனுக்குக் காதலைப் பற்றி அமெரிக்காக்காரனும் சொல்லித்தர வேண்டாம், நானும் சொல்லித்தர வேண்டாம். வள்ளுவர் சொல்லிவைத்திருக்கிறார். நான் குறளை எடுத்துச் சொல்லப்போவதில்லை. பொருளடக்கத்தை மட்டும் பாருங்கள், அதுவே போதும்.

'ஒற்றாடல்' என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. உளவு பார்ப்பதைப் பற்றிப் பத்துக் குறள்கள். 59-ஆவது அதிகாரம். எந்தப் பாலில்? பொருட்பாலில். அரசன் நாட்டைக் காப்பாற்றச் செய்ய வேண்டிய வேலைகளில் ஒன்றாக அதை வைத்தார்.

காமத்துப்பாலுக்கு வாருங்கள். அங்கே இரண்டாவது அதிகாரமே 'குறிப்பறிதல்'. 110-ஆவது அதிகாரம். அவள் மனசில் என்ன இருக்கிறது என்று அவன் எப்படித் தெரிந்துகொள்கிறான்? அவள் கண்ணைப் பார்த்து. அவளாகக் காட்டுகிற குறிப்பைப் பார்த்து. அவள் காட்டினால் தெரியும், காட்டாவிட்டால் தெரியாது. சாவி அவள் கையில்.

ஒற்றும் குறிப்பும் இரண்டுமே பிறர் மனசில் உள்ளதைத் தெரிந்துகொள்கிற வழிகள்தான். ஆனாலும் மனிதர் ஒற்றரைக் காமத்துப்பால் பக்கமே விடவில்லை. அரண்மனையோடு நிறுத்திவிட்டார்.

'சங்க காலக் காதலே களவுதானே சார்' என்று தமிழ் படித்தவர்கள் மடக்குவீர்கள். ஆமாம், களவுதான். ஆனால் யாரிடமிருந்து களவு? அவனும் அவளும் சேர்ந்து ஊரிடமிருந்து மறைத்தார்கள். இங்கே அவனும் அவன் நண்பனும் சேர்ந்து அவளிடமிருந்து மறைக்கிறார்கள். அது களவு. இது உளவு. ஒரே ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். அந்த எழுத்துக்குள்தான் அந்தப் பெண்ணே இருக்கிறாள்.

ஒருதலையாக ஆசைப்படுவதற்கும் நம் இலக்கணத்தில் இடம் இருக்கிறது. கைக்கிளை என்று பெயர். தொல்காப்பியர் அதை அன்பின் ஐந்திணையில் சேர்க்காமல் தனியே வைத்தார். அந்தக் கைக்கிளைக்காரனும்கூடப் பதில் வராமல் தனக்குத்தானே பேசிக்கொண்டு நின்றானே தவிர, அவள் வீட்டுச் சுவரில் காதை வைக்கவில்லை.

*

'சிஐஏ ஆள்கள் நிஜத்தில் இப்படிச் செய்வார்களா? சினிமாதானே' என்று தோன்றும். படம் வந்து ஒன்றரை வருஷத்தில் பதில் வந்தது.

அமெரிக்காவில் என்எஸ்ஏ என்று இன்னோர் உளவு அமைப்பு. உலகத்தின் தொலைபேசி, மின்னஞ்சல் எல்லாவற்றையும் ஒட்டுக்கேட்கிற ஏஜென்சி. 2013 செப்டம்பரில் அதன் தலைமை ஆய்வாளர் ஒரு செனட்டருக்கு எழுதிய கடிதம் வெளியானது. 2003-க்குப் பிறகு ஊழியர்கள் வேண்டுமென்றே அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்திய 12 சம்பவங்கள் அதில் இருந்தன. பெரும்பாலானவை என்ன? காதலி, மனைவி, முன்னாள் காதலி, காதலன். இவர்களை உளவு பார்த்தது! ஒருவர், கணினியில் தேடும் அனுமதி கிடைத்த முதல் நாளே, முன்னாள் காதலியின் ஆறு மின்னஞ்சல் முகவரிகளைத் தேடியிருக்கிறார். முதல் நாளே! இன்னொருவர் ஒன்பது வெளிநாட்டுத் தொலைபேசி எண்களை 1998 முதல் 2003 வரை கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் பெண்களுடையவை. சில சம்பவங்கள், பொய் கண்டறியும் சோதனையில் உட்காரவைத்தபோது அவர்களாகவே ஒப்புக்கொண்டதால்தான் வெளியே வந்தன. இந்த வகை உளவுக்கு அங்கே ஒரு செல்லப்பெயர்கூட இருந்தது: 'லவ்இன்ட்'. செல்லப்பெயர் வைக்கிற அளவுக்குப் பழகிப்போன விஷயம்.

அங்கேயும் பாருங்கள், பெயரில் 'லவ்' இருக்கிறது. நாம் 'ஒருதலைக் காதல்' என்று எழுதுவதைப்போலவே. உலகம் முழுக்க இந்த வியாதிக்கு ஒரே முகமூடி.

இன்றைக்கு இதற்கு சிஐஏ, என்எஸ்ஏ எல்லாம் வேண்டியதில்லை. சாவிக்கொத்தில் மாட்டுகிற சின்ன டிராக்கரை ஒரு ஹேண்ட்பேக்கில் போட்டுவிட்டால் போதும். ஐந்து நிமிஷம் போன் கையில் கிடைத்தால் ஒரு ஆப் ஏற்றிவிடலாம். 2012-ல் சாட்டிலைட் வைத்துச் செய்ததை இன்று சிம்மக்கல்லில் டீ குடித்துக்கொண்டே செய்யலாம்.

*

சட்டம் என்ன சொல்கிறது? சொல்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், உங்களுக்கோ உங்கள் வீட்டுப் பெண்ணுக்கோ தேவைப்படலாம்.

1998-ல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி, ஆட்டோவில் வந்தவர்களின் சேட்டையால் கீழே விழுந்து உயிரிழந்தார். அதன் பிறகு தமிழ்நாட்டில் பெண்களுக்குத் தொல்லை கொடுப்பதைத் தடுக்கத் தனிச் சட்டம் வந்தது. 2012 டிசம்பர் டெல்லிக் கொடூரத்துக்குப் பிறகு, 2013-ல் இந்திய தண்டனைச் சட்டத்தில் 354 டி என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். பின்தொடர்தல் குற்றம். 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் அதுவே பிரிவு 78. முதல் தடவைக்கு மூன்று வருஷம் வரை, மறுபடி செய்தால் ஐந்து வருஷம் வரை சிறை.

அதில் இரண்டு பகுதி. ஒன்று, விருப்பமில்லை என்று ஒரு பெண் தெளிவாகக் காட்டிய பிறகும் திரும்பத் திரும்பப் பின்தொடர்வது, தொடர்புகொள்வது. இரண்டு, அவள் இணையம், மின்னஞ்சல் போன்றவற்றைப் பயன்படுத்துவதைக் கண்காணிப்பது. இந்த இரண்டாவதற்கு அவள் 'வேண்டாம்' என்று சொல்லியிருக்கவேண்டிய அவசியமே இல்லை. தெரியாமல் பார்ப்பவனிடம் எப்படி 'வேண்டாம்' சொல்வாள்? சட்டம் எழுதியவருக்கு அது புரிந்திருக்கிறது.

குற்றத்தைத் தடுக்க அரசாங்கம் பொறுப்புக் கொடுத்த ஆள், அந்த வேலைக்காகப் பின்தொடர்ந்தால் குற்றமில்லை என்று விலக்கும் உண்டு. வள்ளுவரின் பொருட்பால்! அரசன் வேலைக்கு மட்டும் ஒற்று. எஃப்.டி.ஆரும் டக்கும் நம் ஊரில் இருந்திருந்தால், சொந்த ஆசைக்காக அரசாங்க மைக்கை எடுத்ததற்கு அந்த விலக்கு உதவாது. கம்பி எண்ண வேண்டியதுதான்.

ஆனால் ஓர் ஓட்டை. முதல் தடவை ஜாமீனில் விடக்கூடிய குற்றம். காலையில் புகார், மாலையில் அவன் அதே பஸ் ஸ்டாப்பில். இதைத் தெரிந்துவைத்திருக்கிற பெண் எத்தனை தைரியத்தோடு ஸ்டேஷன் படி ஏறுவாள்?

*

அவள் ஸ்டேஷன் படி ஏறாததற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. அது நீங்களும் நானும்.

ஒருவன் பின்னால் வருகிறான் என்று ஒரு பெண் வீட்டில் சொன்னால் என்ன நடக்கும்? அவனை யாரும் வீட்டுக்குள் பூட்டமாட்டார்கள். அவளைப் பூட்டுவார்கள். 'நீ என்ன பண்ணுன, அவன் ஏன் உன் பின்னாடி வர்றான்?' முதல் கேள்வியே அதுதான். போனைப் பிடுங்குவார்கள். நூலகம் கட். கோச்சிங் கட். அடுத்த முகூர்த்தத்தில் மாப்பிள்ளை. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நர்சிங் மூன்றாம் வருஷம் படித்துக்கொண்டிருந்த பெண்ணின் படிப்பு இப்படித்தான் நின்றது. பின்னால் வந்த பையன் படிப்பை முடித்து இன்று நல்ல வேலையில் இருக்கிறான்.

அதனால்தான் பிள்ளைகள் சொல்வதில்லை. மாதக்கணக்கில் சகித்துக்கொண்டு, பாதையை மாற்றி, பஸ்ஸை மாற்றிப் போய்க்கொண்டிருக்கிறார்கள். கடைசியில் ஒரு நாள் செய்தி வந்த பிறகு, 'முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே' என்று அழுகிறோம்.

இன்னும் கேளுங்கள். மகள் தூங்கிய பிறகு அவள் போனை எடுத்துப் பார்க்கிற அப்பா. தங்கச்சி யாருடன் பேசுகிறாள் என்று பார்க்க நண்பர்களை ஏவுகிற அண்ணன். பையன் வேறு சாதிக்காரனா என்று தெரிந்துகொள்ள ஊரெல்லாம் கண் வைத்திருக்கும் சொந்தக்காரர்கள். கல்யாணத்துக்கு முன்பு பெண்ணைப் பற்றி விசாரிக்கத் துப்பறியும் ஏஜென்சிக்குப் பணம் கட்டுகிற மாப்பிள்ளை வீடு. இத்தனை ஒற்றர்களுக்கு நடுவில் ஒரு பெண் வளர்கிறாள். இதற்கெல்லாம் நாம் வைத்திருக்கும் பெயர் என்ன? பாசம். அக்கறை.

அவன் காதல் என்கிறான், நாம் அக்கறை என்கிறோம். மைக் என்னவோ ஒரே மைக்தான்.

2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் சேர்ந்து, அந்தரங்கம் என்பது அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். வழக்கு அரசாங்கத்துக்கு எதிரானது. நல்ல தீர்ப்பு, பாராட்டினோம். அந்த உரிமை நம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிற பத்தொன்பது வயசுப் பெண்ணுக்கும் உண்டு என்று எத்தனை பேருக்குத் தோன்றியது?

*

ஆகவே எனக்கு மூன்று கோரிக்கைகள்.

பத்திரிகைக்கார நண்பர்களே, 'ஒருதலைக் காதல்' என்ற தலைப்பை இன்றோடு விட்டுவிடுவோம். தொல்லை என்றால் தொல்லை. கொலை என்றால் கொலை. அதற்கெல்லாம் தமிழில் நல்ல வார்த்தைகள் இருக்கின்றன.

சினிமாக்காரர்களே, உங்கள் ஹீரோ ஏமாற்றட்டும், வேஷம் போடட்டும், உளவும் பார்க்கட்டும். தப்பு செய்கிறவன் கதையில் வரக்கூடாது என்று சொல்ல நான் யார்? ஆனால் உண்மை தெரிந்த பிறகு அவள் 'போடா' என்று சொல்லிவிட்டுப் போகும் ஒரு முடிவை ஒரு தடவையாவது எடுங்கள். 'திஸ் மீன்ஸ் வார்' என்ன செய்தது? உண்மை தெரிந்து அவள் கோபப்படும் நேரத்தில் ஒரு வில்லனை அனுப்பி அவளைக் கடத்தவைத்தது. இரண்டு பேரும் காப்பாற்றினார்கள், கணக்குத் தீர்ந்தது. யோசிக்க அவளுக்கு ஒரு ராத்திரிகூடக் கொடுக்கவில்லை.

பெற்றோர்களே, மகள் வந்து 'ஒருத்தன் பின்னால் வருகிறான்' என்று சொன்னால், முதல் வார்த்தையாக 'சொன்னியே, நல்லது' என்று சொல்லுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

*

சிம்மக்கல் தம்பிகளை மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அடுத்த சனிக்கிழமை மறுபடி போனேன். அதே டீக்கடை, அதே இரண்டு பேர். ஒட்டுக்கேட்டதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். இரண்டு பேருக்கும் முகம் மாறிவிட்டது.

"எதுக்குண்ணே நீங்க எங்க பேச்சைக் கேக்குறீங்க?" என்றான் ஒருவன். நியாயமான கோபம்.

"அதே கோபம் அந்தப் புள்ளைக்கும் வரும்ல தம்பி?" என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பருத்திப்பால் பையன்தான் வாயைத் திறந்தான். "தப்பா எதுவும் நெனக்கலண்ணே. பிடிச்சிருக்கு. அவளுக்குப் பிடிக்குமா பிடிக்காதான்னு தெரிஞ்சுக்காம எப்படிண்ணே போய்ச் சொல்றது? இல்லைன்னுட்டா அசிங்கம்ல?"

அவன் கெட்டவன் இல்லை. பயந்தவன். இல்லை என்ற ஒரு வார்த்தைக்குப் பயந்து இரண்டு மாதமாக ஒற்றனாக அலைந்திருக்கிறான். அதை அவனுக்கு நாம்தானே சொல்லிக்கொடுத்தோம், பெண் இல்லை என்றால் ஆணுக்கு அசிங்கம் என்று?

"போய்க் கேளு தம்பி. ஒரே ஒரு தடவை, மரியாதையா. வேண்டாம்னா, சரிங்கன்னு சொல்லிட்டு வந்து படி. அசிங்கமெல்லாம் ஒரு வாரத்துல போயிரும். அந்த நம்பரை மட்டும் முதல்ல அழிச்சிரு. அது அவ குடுத்தது இல்ல."

அவன் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். அழித்தானா இல்லையா என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.